விடியல் பயணம்: பிங்க் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்

தமிழ்நாட்டில் பெண்கள் காசு கொடுக்காமல் பஸ்ஸில் போகலாம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், எல்லா பஸ்ஸிலும் போகலாம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. 2021 மே 7 அன்று கையெழுத்தாகி மறுநாளே நடைமுறைக்கு வந்த இந்தத் திட்டம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே பொருந்தும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏ.சி. பஸ் எதிலும் செல்லாது; சில மலைப்பகுதிகளைத் தவிர, ஊர்விட்டு ஊர் போகும் மொபசல் பஸ்ஸிலும் செல்லாது. சலுகை பஸ்ஸின் ரகத்துக்குத் தரப்பட்டது. அந்த ரக பஸ் வந்து நின்றால்தான் அது பெண்ணின் கைக்கு வரும். திட்டத்தின் நிறையும் குறையும் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் எந்த பஸ் என்று கண்டுபிடிப்பது. சென்னையில் முன்பக்கமும் பின்பக்கமும் இளஞ்சிவப்பு அடித்திருப்பதால் தூரத்திலேயே தெரிந்துவிடும். பழைய பழக்கத்தில் ‘ஒயிட் போர்டு’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். ஒரே தட எண்ணில் சாதாரணமும் டீலக்ஸும் மாறி மாறி ஓடும் என்பதால் எண்ணை மட்டும் நம்பி ஏறக் கூடாது. ஏறியபின் கண்டக்டர் “இது டீலக்ஸ்மா” என்று சொல்லி, அடுத்த ஸ்டாப்பில் இறங்குவதா காசு கொடுப்பதா என்று தடுமாறுவது அன்றாடம் நடப்பது. சந்தேகம் இருந்தால் படியில் கால் வைக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஏறியதும் கட்டணமில்லாச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். காசு இல்லாத பயணத்துக்குச் சீட்டு எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். செக்கிங் வந்தால் காட்ட வேண்டியது அதைத்தான். விபத்து ஏற்பட்டால் அந்த பஸ்ஸில் இருந்ததற்கான எளிய ஆதாரமும் அதுவே. இவற்றைவிட முக்கியமானது, எந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்ற கணக்கு இந்தச் சீட்டுகளிலிருந்துதான் வருகிறது. நூறு பேர் ஏறி அறுபது சீட்டு கிழிந்தால், காகிதத்தில் அந்தத் தடத்தின் நெரிசல் குறைவு. அதை வைத்துக்கொண்டு கூடுதல் நடை கேட்க முடியாது. பஸ் மாறினால் புதுச் சீட்டு வாங்க வேண்டும். முதல் சீட்டு இரண்டாவது பஸ்ஸில் செல்லாது.

பெண்கள் அடையாள அட்டை எதுவும் காட்டத் தேவையில்லை. ஆதார் கேட்பதில்லை, வருமான வரம்பு இல்லை, எந்த ஊர் என்ற விசாரணையும் இல்லை. பிற மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த பெண்ணும் இதே சீட்டில்தான் போகிறார். இதை இந்தத் திட்டத்தின் ஆகச்சிறந்த அம்சம் என்பேன். ஏழை என்று நிரூபிக்கச் சொல்லும் திட்டங்களில் கூனிக் குறுகி நிற்பதே பாதிச் செலவு.

தகராறு வரும் இடங்கள் வேறு. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ஆகவே மூன்றாம் வகுப்புப் பையனுடன் ஏறும் அம்மாவுக்குச் சீட்டு இலவசம், பையனுக்கு அரைக் கட்டணம். கூடவே மகள் இருந்தால் அவளுக்கும் காசில்லை. சில்லறை இல்லாமல் ஏறி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அடுத்தது லக்கேஜ். பயணிக்குத்தான் இலவசம், மூட்டைக்கு இல்லை. கீரைக் கூடை, பூக் கூடை, மீன் பாத்திரம் என்று எதைச் சுமையாகக் கருதுவது என்பது நடைமுறையில் கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்தது. வியாபாரத்துக்குப் போகும் பெண்கள் தினம் ஒரே நடையில் ஏறி, கண்டக்டருக்கு முகப்பழக்கம் ஆகிவிடுவது இதனால்தான்.

மாநிலத் திட்டக்குழு ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டார்கள். வீட்டு வேலை, ஜவுளிக்கடை வேலை செய்யும் ஒருவருக்கு இது சிறிய தொகை இல்லை. அதுவும் புருஷனிடமோ மகனிடமோ கேட்டு வாங்க வேண்டியில்லாத காசு. ஆனால் இந்த மிச்சம் முழுதாகக் கைக்கு வர வேண்டுமென்றால், வேலை நேரத்துக்குச் சாதாரண பஸ் கிடைக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டியவர் எட்டரைக்கு வரும் டீலக்ஸை விட்டுவிட்டு, எப்போது வரும் என்று தெரியாத பிங்க் பஸ்ஸுக்காக நிற்க முடியாது. சென்னையில் அப்படிப்பட்டவருக்கு வழி, சாதாரணம், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் மூன்றிலும் செல்லும் 1,000 ரூபாய் மாதப் பாஸ்தான். அதாவது ஆண்கள் கொடுக்கும் அதே விலை. காலையும் மாலையும் உங்கள் தடத்தில் எந்த ரக பஸ் வருகிறது என்று ‘சென்னை பஸ்’ செயலியில் ஒரு வாரம் பார்த்துவிட்டு, பாஸ் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

கிராமப்புறத்தில் சிக்கல் வேறு விதம். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் மொபசல் பஸ்தான் அடிக்கடி நிற்கும். டவுன் பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து நடை இருந்தால் அதிர்ஷ்டம். மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குக்கிராமங்களுக்கும், தலித் மக்கள் வாழும் காலனிகளுக்கும் போவது பெரும்பாலும் தனியார் மினி பஸ். அதில் இந்தத் திட்டம் இல்லை. ஊருக்குள் வரும் அரசு பஸ் காலனி வரை நீளாமல் ஊர் எல்லையிலேயே திரும்பிவிட்டால், இலவசம் ஊர்க்காரப் பெண்ணுக்குக் கிடைக்கிறது; காலனிப் பெண் அந்த பஸ்ஸைப் பிடிக்க நடக்க வேண்டும், அல்லது மினி பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும். அரசாணையில் சாதி இல்லை. வழித்தட வரைபடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பஸ்ஸும் சாதியும் நெடுநாள் உறவுக்காரர்கள். தனியார் பஸ்கள் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த காலத்தில், இராமநாதபுரம் ஜில்லா போர்டு (மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஏற்றாத முதலாளிகளின் உரிமம் பறிபோகும் என்று உத்தரவிட்டார். (சென்னை பாண்டி பஜாரில் பேரம் பேசும் எத்தனை பேருக்குத் தெரியும், அதன் அதிகாரப்பூர்வப் பெயரான சௌந்தரபாண்டியனார் அங்காடி இவர் பெயரால் வந்தது என்று.) 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு, தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரான வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயருள்ள பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பியவர்களால் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது.

இலவசம் வந்த பிறகும் யார் ஏறலாம் என்ற கேள்வி ஓயவில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய வயதான பெண்ணை நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் கத்தி நியாயம் கேட்ட காட்சி பரவியதும் பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே மாதம் நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தை இறக்கிவிட்ட சம்பவமும் நடந்தது. இரண்டும் வெளியே வந்ததற்குக் காரணம் யாரோ படம் பிடித்ததுதான். பொது ஊர்தியைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பேரில் தடுப்பது, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது பஸ்ஸில் ஏறும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸுக்குள் ‘சுத்தம்’, ‘நாற்றம்’ என்ற வார்த்தைகள்தான் பேசப்படும். சாதி உதட்டுக்கு வராது. நிரூபிப்பது கடினமாவது இங்கேதான்.

இதைவிடச் சின்னதாக, தினசரி நடப்பது ஒன்று உண்டு. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் முப்பதடி தள்ளிப் போய் நிறுத்துவது. கூடையோடு ஓடிவந்து ஏறினால் “ஓசிதானே, மெதுவா வா” என்ற குத்தல். 2022இல் ஓர் அமைச்சரே மேடையில் ‘ஓசி’ என்று சொல்லிச் சங்கடத்தில் மாட்டினார். பயணிக்கு இது தானம் இல்லை. 2025–26 பட்ஜெட்டில் இதற்காக ஒதுக்கிய 3,600 கோடி ரூபாய், தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டும் அதே பெண்களின் பணமும் சேர்ந்ததுதான்.

திருநங்கைகளும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களுடன் வரும் உதவியாளர் ஒருவரும் திட்டம் தொடங்கிய ஓரிரு மாதத்துக்குள் சேர்க்கப்பட்டார்கள். கணக்குக்காக அவர்களுக்குத் தனி வகைச் சீட்டு. நிர்வாகத்துக்கு வசதிதான், ஆனால் நெரிசலான பஸ்ஸில் “உனக்கு எந்த டிக்கெட்?” என்று ஒருவரை உரக்கக் கேட்பது எப்படிப்பட்ட அவமானம் என்பதைக் கண்டக்டர் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ இந்தச் சலுகை பெரும்பாலும் காகிதத்தில்தான். வழக்கமான பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்தில் 400. பின்னது ஒரு பக்கம் சாய்ந்தும் கொடுக்கும், சாய்தளமும் விரியும். அணுகத்தக்க போக்குவரத்தை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவே அரசின் கடமையாக்குகிறது. ஏற முடியாத பஸ்ஸில் கட்டணம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: மோட்டார் வாகன விதிகளில் 2022இல் செய்த திருத்தத்தின்படி, பெண்களை முறைப்பது, விசில் அடிப்பது, கண்ணடிப்பது, அனுமதியின்றிப் படம் எடுப்பது போன்றவற்றில் ஈடுபடும் பயணியை கண்டக்டர் இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். ஏற்றிவிடும் சாக்கில் கண்டக்டரே தொடுவதற்கும் தடை உண்டு. விதி நன்றாகவே இருக்கிறது. எண்பது பேர் நிற்கும் பஸ்ஸில் கண்டக்டர் பின்படியை எட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

புகார் சொல்ல 149 என்ற எண்ணை அழைக்கலாம். “காலையில் ஒரு பஸ் நிற்கவில்லை” என்று சொன்னால் எதுவும் நடக்காது. வண்டியின் பதிவு எண், தட எண், எந்தத் திசை, நிறுத்தத்தின் பெயர், நேரம் இந்த ஐந்தும் வேண்டும். நிற்காமல் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்தால் எண்ணும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும். ஏறியபின் நடந்த பிரச்சினை என்றால் கையிலிருக்கும் கட்டணமில்லாச் சீட்டே போதும். புகாருக்கான பதிவு எண்ணை வாங்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். கூடுதல் நடை, காலனி வரை நீட்டிப்பு போன்றவை புகாரில் தீராது. கிளை மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளிலும் எழுத்தாகக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மனுவில் எத்தனை பெண்கள், எந்த நேரத்துக்கு, எந்த இடத்துக்குப் போகிறார்கள் என்பது இருந்தால் போக்குவரத்துக் கழகம் மறுப்பதற்கும் ஒரு காரணம் எழுத வேண்டிவரும்.

மற்ற தென்மாநிலங்களோடு ஒப்பிட்டால், 2023 ஜூனில் வந்த கர்நாடகத்தின் சக்தி திட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் வந்த தெலங்கானாவின் மகாலட்சுமியும் எக்ஸ்பிரஸ் பஸ்களையும் சேர்த்துக்கொண்டன; ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கும் போகலாம். ஆனால் அந்தந்த மாநிலத்தவர் என்று அட்டை காட்ட வேண்டும். கர்நாடகத்தில் பாதி இருக்கைகள் ஆண்களுக்கு என்றும் ஒதுக்கியிருக்கிறார்கள். தூரம் வேண்டுமா, கேள்வி கேட்காத சீட்டு வேண்டுமா என்றால் தமிழ்நாட்டின் சீட்டே மேல். அதில் எக்ஸ்பிரஸையும் காலனி வரைக்குமான நடையையும் சேர்த்தால் குறை சொல்ல அதிகம் இருக்காது. அதுவரை, பிங்க் பஸ்ஸின் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு அரை டிக்கெட்டுக்கான சில்லறையையும்.