சாட்சிகிக்கு எது: டப்பா கிரீக் யோகர்ட்டா, வடித்த வீட்டுத் தயிரா?

வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்த கிரீஸ் நாட்டுத் தயிர்த் தொக்குதான் சாட்சிகி. இதற்கு எந்தத் தயிர் நல்லது என்று ராயபுரத்தில் தோழிகள் இரண்டு பேர் கேட்டார்கள்.

செலவு: டப்பா விலை அதிகம். வீட்டுத் தயிருக்குப் பால் காசுதான், ஆனால் வடிந்தபின் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.

நேரம்: கிரீக் யோகர்ட் ஏற்கெனவே வடித்த கெட்டித் தயிர், டப்பாவைத் திறந்தால் போதும், இனிப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி 6 மணி நேரம் வடிக்க வேண்டும். நம்ம ஊர் வெக்கையில் வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம்.

எதுவானாலும் துருவிய வெள்ளரியில் உப்பு போட்டு, 10 நிமிடம் கழித்து இறுகப் பிழியுங்கள். இல்லையென்றால் பச்சடிதான்.

திடீர் விருந்தாளிக்கு டப்பா சரி. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு வஞ்சிரம் வறுவலுக்கு எனக்கு வீட்டுத் தயிர்தான்.