மலையில் ஆபீஸ் கால் பேச எந்த வயர் ஹெட்செட்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர் கடைக்குப் போய் ஹெட்செட் கேட்டால் முதலில் மேசைக்கு வருவது புளூடூத். பாட்டுக்கு அது சரி. ஆனால் மைக் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்கள் போன் பேச்சுக்கான பழைய முறைக்கு இறங்கிவிடும். ஒலி வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். 3.5 மி.மீ. பின் உள்ளவை லேப்டாப்பின் சவுண்ட் சிப்பை நம்பியவை. அது மட்டமாக இருந்தால் குரலும் மட்டம்தான். யூஎஸ்பி ஹெட்செட்டில் அந்தச் சிப் ஹெட்செட்டோடே வருகிறது. எந்த லேப்டாப்பில் செருகினாலும் குரல் மாறாது, விண்டோஸிலும் மேக்கிலும் டிரைவரும் தேவையில்லை. சார்ஜ் போடும் வேலை இல்லை என்பது கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் சின்ன விஷயமல்ல.

ஆபீஸ் பேச்சுக்கு யோசிக்க வேண்டியவை மூன்று. லாஜிடெக் எச்390 மூன்றில் மலிவு. இரு காது, மடக்கும் மைக், வயரிலேயே ஒலி கூட்டிக் குறைக்கும் பொத்தானும் மியூட்டும். நாளுக்கு ஓரிரு மீட்டிங் என்றால் இது போதும். ஜாப்ரா எவால்வ் 20, பாலி பிளாக்வயர் 3220 இரண்டும் ஆபீஸ் கால்களுக்கென்றே வந்தவை. வயரில் இருக்கும் பெட்டியிலேயே காலை எடுக்கலாம், வைக்கலாம். (பிளாக்வயரைப் பிளான்ட்ரானிக்ஸ் என்று கேட்டாலும் கடையில் புரியும், பாலியின் பழைய பெயர் அதுதான்; 2022 முதல் அது எச்பி வசம்.) நாளெல்லாம் பேசுபவருக்கு எங்கள் தேர்வு எவால்வ் 20. பேசும்போது மியூட் விளக்கு கண்ணில் படும் இடத்தில் இருப்பதும், காதுப் பஞ்சு தனியாக வாங்கக் கிடைப்பதும் காரணம்.

பெட்டியில் எம்எஸ் என்றும் யூசி என்றும் இரண்டு வகை பார்ப்பீர்கள். ஒலியில் வித்தியாசம் தேட வேண்டாம். எம்எஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்குச் சான்று பெற்றது, பொத்தான்கள் அதற்கேற்ப அமைந்தவை. ஜூம், மீட் என்று கலந்து பேசுபவருக்கு யூசி. அதைவிட முக்கியம் முனை யூஎஸ்பி-ஏவா (அகலமான பழைய வகை), யூஎஸ்பி-சியா (சின்ன நீள்வட்ட வகை) என்பது. லேப்டாப்பில் ஒரே ஒரு சி போர்ட்தான், அதிலும் சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஏ வகையே வாங்குங்கள்.

காது மெத்தையில்தான் மலை தன் வேலையைக் காட்டும். ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் மெத்தை வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும், குளிருக்கும் இதம். ஆனால் அதன் மேற்பூச்சு பாலியூரித்தேன். ஈரக் காற்று அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். கூடலூர், பந்தலூர், தேவாலா மாதிரி மழை கொட்டும் பகுதியில் கருப்புச் செதில் செதிலாக உரிந்து காதில் ஒட்டுவது அதனால்தான். பஞ்சு மெத்தை உரியாது, ஆனால் ஈரத்தைக் குடிக்கும். வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். குரங்குக் குல்லாவுக்கு மேல் ஹெட்செட்டை மாட்டினால் எந்த மெத்தையும் பயனில்லை. காதுப் பகுதியை மட்டும் மேலே மடித்துவிட்டு மாட்ட வேண்டும்.

வீட்டில் தனியாக இருப்பவர், கதவு தட்டினால் கேட்க வேண்டும் என்பவர் ஒற்றைக் காது வகையைப் பார்க்கலாம். தகரக் கூரை வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், இரட்டைக் காதுதான்.

மைக் வைக்கும் இடத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, பாதிப் பிரச்சினை அங்கேதான். வாய்க்கு நேர் முன்னால் வைத்தால் ப, ப என்று மூச்சு வெடிக்கும். கன்னத்தோடு ஒட்டினால் குரல் மங்கும். உதட்டு ஓரத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். சத்தம் தணிக்கும் மைக்குக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. தண்டு திரும்பிக்கொண்டால் உங்கள் குரலைக் குறைத்து அறைச் சத்தத்தைக் கூட்டி அனுப்பும். குளிர்காலத்தில் மைக் நுனிப் பஞ்சில் மூச்சின் ஈரம் தேங்கும், அவ்வப்போது கழற்றி உலர்த்துங்கள்.

இனி கோளாறுகள். “உங்க குரல் ரோபோ மாதிரி வருது, விட்டு விட்டு வருது” என்று மறுமுனை சொன்னவுடன் புது ஹெட்செட் தேடாதீர்கள். கால் முடிந்ததும் விண்டோஸில் சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். பதிவு தெளிவாக இருந்தால் ஹெட்செட் நிரபராதி, குற்றவாளி நெட். பேச்சுக்கு 100 கிலோபிட் வேகமே தாராளம். ஆகவே ஸ்பீட் டெஸ்டில் பெரிய எண் வருவதை நம்பிப் பயனில்லை. வழியில் பாக்கெட்டுகள் (குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து போகும் தகவல் பொட்டலங்கள்) தொலைவதும் தாமதம் ஏறி இறங்குவதும்தான் குரலைக் கிழிக்கும். மூடுபனியைத் திட்டுவதற்கு முன், வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். பதிவிலும் கிழிந்தால் ஹெட்செட்டையோ லேப்டாப்பையோ சந்தேகிக்கலாம். வேறொரு லேப்டாப்பில் செருகினால் எது என்று தெரிந்துவிடும்.

மைக்கே எடுக்கவில்லையா? வயரிலுள்ள மியூட் முதல். அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்ரோபோன். டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு டீம்ஸ் அல்லது ஜூமுக்குள் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்பது. நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் பெரும்பாலும் போர்ட் மாறியிருக்கும்: வேறு போர்ட்டில் செருகினால் விண்டோஸ் பல ஹெட்செட்களைப் புதிய சாதனமாக எடுத்துக்கொண்டு பெயருக்கு முன்னால் “2-” என்று சேர்த்துவிடும், ஆப் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். ஒரே போர்ட்டில் செருகிப் பழகுங்கள்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தொடர்பு அறுந்து ‘டிங் டிங்’ என்று மீண்டும் சேர்கிறதா? டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். தனி மின்சாரம் இல்லாத மலிவு ஹப்பில் கேமரா, ஹார்ட் டிஸ்க்கோடு ஹெட்செட்டையும் சேர்க்காமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். ஜனவரி உறைபனிக் காலத்தில் மட்டும் இது நடந்தால் காரணம் வேறு. உலர்ந்த குளிரில் கம்பளி ஸ்வெட்டர் உரசி நிலைமின்சாரம் சேரும். ஹெட்செட்டைத் தொடும்போது பாயும் சிறு பொறி போதும், இணைப்பு ஒரு கணம் செத்துவிடும். மாட்டுவதற்கு முன் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிடுவது நல்லது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது காதில் ஒரே இரைச்சல் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பேசிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஹெட்செட்டுக்குச் சம்பந்தமில்லை. சதுர அலை இன்வெர்ட்டரும் எர்த் இல்லாத சார்ஜரும் சேர்ந்து செய்யும் வேலை அது. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டுவதை நிறுத்துங்கள், இன்வெர்ட்டர் ஓடும்வரை பேட்டரியிலேயே பேசுங்கள்.

கூரையில் மழை கொட்டும்போது டீம்ஸின் சத்தத் தணிப்பை உச்சத்தில் வைக்கத் தோன்றும். லேப்டாப் கம்பெனி போட்டுக் கொடுத்த ஆப்பும் ஒருபுறம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து வார்த்தையின் தலையையும் வாலையும் தின்றுவிடும். ஒன்றை அணைத்துவிடுங்கள். எதிராளிக்கு அவர் குரலே திரும்பிக் கேட்டால் உங்கள் காது ஒலியைக் குறைக்க வேண்டும், மெத்தை வழியாகக் கசிந்து மைக்கில் ஏறுகிறது.

யூஎஸ்பி முனை மங்கலாகப் பச்சை படர்ந்திருந்தால் பட்ஸில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள்.

வயர் அறுவது இரண்டு இடங்களில்: ஹெட்செட்டின் காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் வாயிலும் பொத்தான் பெட்டியின் ஓரத்திலும். பதிவை ஓடவிட்டு அந்த இடங்களை மெல்ல வளைத்தால் எங்கே விட்டுப் போகிறது என்று தெரியும். யூஎஸ்பி முனைக்கும் பெட்டிக்கும் நடுவே அறுந்திருந்தால் உள்ளே பெரும்பாலும் சிவப்பு, கருப்பு, வெள்ளை, பச்சை என நான்கு கம்பிகள். நிறத்துக்கு நிறம் சால்டர் வைத்துவிடலாம். காதுப் பக்கத்துக் கம்பிகள் முடிபோல் மெல்லியவை, மேலே அரக்குப் பூச்சு உள்ளவை. பூச்சைச் சூட்டில் எரித்து ஈயம் ஏற்றினால்தான் பிடிக்கும். வாரண்டி இருக்கும்வரை கத்தியே வைக்காதீர்கள். சர்வீஸ் சென்டருக்குக் கோவை இறங்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் கூரியர். இரண்டுக்கும் பில்லும், வயரில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் சீட்டும் கேட்பார்கள். அந்தச் சீட்டு ஈரத்தில் அழியக்கூடியது, வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.