கிரெட்ஸ்கியின் 18-ஆம் எண் கார்டு: படத்தை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள்

வீரர்களின் படம் போட்ட, சேகரிப்பதற்கான ஐஸ் ஹாக்கி கார்டுகளில் கனடா வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 ரூக்கி (புதுமுக) கார்டுக்கு இருக்கும் மவுசு வேறு எதற்கும் இல்லை. ஆனால் பாழாவதற்கென்றே அச்சடித்தது போன்ற கார்டு இது. சுற்றிலும் நீல ஓரம், அடியில் வெளிர் அட்டை. மூலையில் ஊசிமுனை அளவு மை உதிர்ந்தாலும் போதும், வெள்ளை பல்லிளிக்கும்.

ஒரே படத்தில் இரண்டு பதிப்புகள் உண்டு. கனடாவின் ஓ-பீ-சீ வெளியிட்டது 396 கார்டுகள் கொண்ட செட், அமெரிக்காவின் டாப்ஸ் வெளியிட்டது 264. இரண்டிலும் கிரெட்ஸ்கிக்கு 18-ஆம் எண்தான். பின்பக்கத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும்: ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்தால் ஓ-பீ-சீ, ஆங்கிலம் மட்டும் என்றால் டாப்ஸ். விலை எகிறுவது ஓ-பீ-சீக்குத்தான். கார்டுகளைத் தரம் பார்க்கும் பி.எஸ்.ஏ. நிறுவனத்திடம் உச்சத் தரமான 10 பெற்ற ஓ-பீ-சீ ஒன்று 2020-இல் 12.9 லட்சம் டாலருக்கும், 2021-இல் 37.5 லட்சம் டாலருக்கும் கைமாறியது.

ஓ-பீ-சீ தாள்களைக் கம்பியால் அறுத்தார்கள். அதனால் விளிம்பில் நார் பிசிறி நிற்பது இயல்பு, அது குறையல்ல. கத்தி வைத்தது போல வழுவழுப்பாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: தேய்ந்த விளிம்பை யாரோ நறுக்கியிருக்கலாம். அளவு 63.5 × 88.9 மி.மீ. இருக்க வேண்டும். நல்ல கார்டு ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் குறைவுகூடக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு தில்லுமுல்லு, உதிர்ந்த இடத்தில் நீல மார்க்கர் பூசுவது. கார்டை விளக்குக்குக் கீழே சாய்த்தால் பூசிய இடம் வேறு மாதிரி மினுங்கும், பக்கவாட்டில் அட்டைக்குள் மை ஊறியதும் தெரியும். போலி அச்சுகளும் ஏராளம். பத்து மடங்கு லென்ஸில் பெயரின் எழுத்துகளைப் பாருங்கள். ஸ்கேன் எடுத்து அச்சடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும்.

படம் நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்துவிடுங்கள். இடது ஓரம் 2 மி.மீ., வலது 3 மி.மீ. என்றால் 40/60. இந்தச் செட்டில் அதுவே கௌரவமான கணக்கு.

கார்டு அச்சேறியபோது கிரெட்ஸ்கி ஆடி முடித்திருந்தது ஒரே ஒரு தொழில்முறை சீசன், அதுவும் வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்.எச்.எல்.லில் அல்ல, அதன் போட்டி லீகான டபிள்யூ.எச்.ஏ.வில். இண்டியானாபோலிஸில் 8 ஆட்டம், எட்மன்டனில் 72, மொத்தம் 110 புள்ளி (கோலுக்கு ஒன்று, பிறர் கோலுக்குப் பந்தயத் தட்டைக் கடத்தித் தரும் அசிஸ்ட்டுக்கு ஒன்று). 1979-இல் எட்மன்டன் அணி என்.எச்.எல்.லுக்குள் வந்தது. முதல் ஆண்டே 137 புள்ளி எடுத்தும் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது இல்லை. டபிள்யூ.எச்.ஏ.வில் ஆடியவர் புதுமுகம் அல்ல என்றது லீக். அந்த ஆண்டுக் கார்டைத்தான் சேகரிப்பாளர்கள் ரூக்கி என்கிறார்கள்!

பிறகு நடந்ததுதான் விலைக்குக் காரணம். 1981-82-இல் 92 கோல், 1985-86-இல் 215 புள்ளி, எட்மன்டனுக்கு நான்கு முறை ஸ்டான்லி கோப்பை, அதாவது என்.எச்.எல். சாம்பியன் பட்டம். 1988 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றப்பட்டார், 1999-இல் நியூயார்க்கில் ஓய்வு. 1,487 ஆட்டங்களில் 894 கோல், 1,963 அசிஸ்ட். அந்த 894-ஐ 2025 ஏப்ரலில் ரஷ்ய வீரர் ஒவெச்கின் தாண்டினார். கோலையே கணக்கில் எடுக்காவிட்டாலும், வெறும் அசிஸ்ட்டே வேறு எவருடைய மொத்தப் புள்ளியையும் விட அதிகம்.

பணம் போடுவதென்றால், படம் ஒருபக்கம் ஒதுங்கிய, தரம் 7 பெற்ற கார்டை விட, நடுவில் உட்கார்ந்த தரம் 5 கார்டு கண்ணுக்கு நிறைவு, விலையும் குறைவு. தரச்சான்று இல்லாத கார்டை இந்த விலையில் தொடவே வேண்டாம். தரம் பார்க்க அனுப்பும் வரை மெல்லிய உறையில் போட்டு, அதன் மேல் கெட்டி பிளாஸ்டிக் உறை மாட்டுங்கள். திருகாணி போட்டு இறுக்கும் பெட்டி மட்டும் வேண்டாம். அது அட்டையை நசுக்கிவிடும். உறையில் நுழைக்கும்போது இழுத்துத் தேய்க்காதீர்கள், நீலம் உதிர்வது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான்.