தாஸ் போட்: செவியால் பார்க்க வேண்டிய போர்ப்படம்

நீர்மூழ்கிக் கப்பலைக் களமாகக் கொண்ட போர்ப்படங்களில் பல, எதிரியைக் கண்டதும் நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் டார்பிடோவை ஏவி, கப்பல் வெடித்துச் சிதறுவதைக் காட்டிவிட்டு அடுத்த மோதலுக்கு நகர்ந்துவிடுகின்றன. வோல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கி 1981-இல் வெளிவந்த 'தாஸ் போட்' என்ற ஜெர்மானியப் படம் அந்த வழியே போகவில்லை. 1941-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சின் லா ரோஷல் துறைமுகத்திலிருந்து புறப்படும் யு-96 என்ற நீர்மூழ்கியின் ஒரே ஒரு பயணமே கதை. போர் நிருபராக அந்தக் கப்பலில் உண்மையிலேயே சென்ற லோத்தர்-குந்தர் புக்ஹைம், 1973-இல் வெளியிட்ட நாவலிலிருந்து அது எடுக்கப்பட்டது.

இந்தப் படத்தின் உயிர் அதன் ஒலியில் இருக்கிறது. நீருக்கடியில் பெரிஸ்கோப் பயன்படாத ஆழத்துக்குச் சென்ற பிறகு, உள்ளே இருப்பவர்களுக்குக் கண் இருந்தும் பயனில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் ஒலிகேட்பவர் மெல்லிய குரலில் சொல்வதுதான் அனைவருக்கும் உலகம். நீர்மூழ்கிகளை வேட்டையாடும் நாசகாரிக் கப்பலின் சுழல்விசிறி ஓசை முதலில் அவருக்கு மட்டும் கேட்கிறது. சற்று நேரத்தில் கப்பலின் இரும்புச் சுவர் வழியாகவே எல்லோருக்கும் கேட்கத் தொடங்குகிறது. வியர்வை வழியும் தாடி முகங்கள், பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று தெரிந்தும், ஒன்றாக மேல்நோக்கித் திரும்புகின்றன. ஒலியை அனுப்பி நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவியின் ஒலித்துடிப்பு கப்பலின் மீது பட்டுத் தெறிக்கும்போது எவரும் மூச்சுவிடுவதில்லை. பிறகு, மேலிருந்து கடலுக்குள் போடப்படும் ஆழக்குண்டுகள் வெடிக்கின்றன. எதிரி மாலுமி ஒருவரின் முகத்தைக்கூடக் காட்டாமல் இத்தனை அச்சத்தை எழுப்பிய வேறொரு கடற்போர்ப் படத்தை நான் பார்த்ததில்லை.

ஏறத்தாழ 67 மீட்டர் நீளமே கொண்ட இவ்வகைக் கப்பலின் உட்புறத்தை மியூனிக்கின் பவேரியா ஸ்டுடியோவில் உண்மையான அளவிலேயே அமைத்து, ஹைட்ராலிக் கருவிகளால் சாய்த்தும் குலுக்கியும் படம்பிடித்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ, தலைக்கவசம் அணிந்துகொண்டு, ஆட்டத்தைக் குறைக்க ஜைரோஸ்கோப் பொருத்திய கைக்கேமராவுடன், வட்டக் கதவுகளுக்குள் புகுந்து மாலுமிகளின் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அவசரமாக மூழ்க வேண்டிய நேரத்தில், கப்பலின் முன்பகுதிக்கு எடை கூட்டுவதற்காக எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடும் காட்சியில், அந்த இடத்தின் குறுகலை நம் தோளே உணர்கிறது.

சண்டைக்கு நிகராகக் காத்திருப்புக்கும் படம் இடம் தருகிறது. இரண்டு கழிவறைகளில் ஒன்று உணவுப்பொருள் கிடங்காகிவிட, ஏறக்குறைய ஐம்பது பேருக்கு மிஞ்சுவது ஒன்றுதான். ரொட்டியில் பூஞ்சை படர்கிறது, உடலில் பேன் பற்றுகிறது, புயல் வாரக்கணக்கில் நீள்கிறது. இந்தப் பகுதிகளை இழுவை என்று சிலர் குறை சொல்லக்கூடும். அந்தச் சலிப்பை நாமும் பட்டால்தான் முதல் குண்டு வெடிக்கும்போது நெஞ்சு பதறும் என்பதே என் துணிபு.

கப்பல் தலைவராக யூர்கன் புரோக்னோவ் நடித்திருக்கிறார். டார்பிடோ தாக்கிப் பல மணி நேரம் கடந்தும் எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலை முற்றாக மூழ்கடிக்க அவர் மீண்டும் ஒரு டார்பிடோவை ஏவுகிறார். அதன் பிறகே, அதில் இன்னும் மனிதர்கள் இருப்பது தெரிகிறது. அவர்களை ஏன் யாரும் காப்பாற்றவில்லை என்று கத்துபவர், நீந்தி வருபவர்களை ஏற்றிக்கொள்ள இடமில்லாமல் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த ஆணையிடுகிறார். அந்த முகத்தில் சினமும் குற்றவுணர்வும் ஒன்றாகத் தெரிகின்றன. இயந்திர அறையின் யோஹான் பாத்திரத்தில் எர்வின் லேடர் செய்திருப்பதும் அதற்குக் குறைந்ததன்று. குண்டுவீச்சில் நிலைகுலைந்து வெளியேறத் துடிக்கும் அவரே, ஜிப்ரால்டர் அருகே கப்பல் கடலடியில் கிடக்கும்போது நீர்க்கசிவை அடைக்க உயிரைக் கொடுத்து உழைக்கிறார். ஸ்பெயினின் விகோ துறைமுகத்தில், அழுக்கேறிய உடையுடன் நிற்கும் தலைவரை விட்டுவிட்டு, சீருடை கலையாத முதல் அதிகாரியைத் தலைவர் என்று நினைத்து விருந்தளிப்பவர் வணங்கும் ஒரு கணம், கடலுக்கும் கரைக்கும் உள்ள தொலைவை வசனமின்றிச் சொல்லிவிடுகிறது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதும் அல்ல. கப்பலில் நாஜிக் கொள்கையில் பற்றுள்ளவராக அந்த முதல் அதிகாரி ஒருவரே அழுத்தமாகக் காட்டப்படுகிறார். தலைவரோ மேலிடத்தை வெளிப்படையாகவே எள்ளுகிறார். இது நாம் கப்பலில் இருப்பவர்கள் பக்கம் சாய்வதை மிகவும் எளிதாக்கிவிடுகிறது. நீர்மூழ்கிகளில் பணியாற்றிய 40,000 ஜெர்மானியர்களில் 30,000 பேர் திரும்பவில்லை என்று படம் தொடங்குகிறது. அவர்களால் மூழ்கடிக்கப்பட்ட வணிகக் கப்பல்களின் மாலுமிகளும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அந்த வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு எண்ணெய்க் கப்பல் காட்சியைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை. புயல் காட்சிகளில் சில இடங்களில் மாதிரிக் கப்பல் மாதிரியாகவே தெரிவதை அதனுடன் ஒப்பிட்டால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

1981-இல் திரையரங்குக்கு வந்த பதிப்பு சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். 1997-இல் வந்த இயக்குநர் பதிப்பு மூன்றரை மணி நேரம் நீள்கிறது. தொலைக்காட்சித் தொடராக ஏறத்தாழ ஐந்து மணி நேர வடிவமும் இருக்கிறது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு இயக்குநர் பதிப்பையே பரிந்துரைப்பேன். அதன் ஒலி புதிதாகச் செம்மை செய்யப்பட்டது. ஆங்கில மொழிமாற்றத்தைத் தவிர்த்து, ஜெர்மன் மொழியிலேயே துணைத்தலைப்புடன் பாருங்கள். கிசுகிசுக்கும் ஆணைகள் அந்த மொழியில்தான் உயிரோடு இருக்கின்றன. நல்ல ஒலிபெருக்கியோ ஹெட்ஃபோனோ கட்டாயம் வேண்டும், கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பார்த்தால் படத்தில் பாதி போய்விடும்.