"இலவச அல்சர் முகாம்" பிளக்ஸைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள்

திண்டுக்கல் பக்கம் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு "அல்சர், கேஸ், நெஞ்செரிச்சல் இலவச முகாம்" பற்றி இந்தப் பதிவு. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும் கூட்டம் என்பதால் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. எப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பல வருஷமாக எதுக்களிப்பு உண்டு. குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும், ராத்திரி படுத்தால் இருமல். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த, அமிலம் சுரப்பதைக் குறைக்கும் பாண்டோப்ரசோல் மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே பிரஷர் மாத்திரை. முகாமுக்கு அவர் போன காரணம் வேறு. கொஞ்ச நாளாகச் சோறு நெஞ்சில் நின்று நின்று இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் அங்கேயும் முதலில் சொல்லியிருக்கிறார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே கையில் ஒரு இரும்புக் குழாயைப் பிடிக்கச் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போகிறது. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. ஒரு நிமிஷத்தில் கல்லீரல், எலும்பு, கணையம், "இரைப்பைச் சுரப்புக் குணகம்" என்று கத்தைக் காகிதம் பிரிண்ட் ஆகி வந்துவிடுகிறது. "ஐயா, உங்கள் குடல் முழுக்கப் புண். இங்கிலீஷ் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள்" என்று சொல்லி, ஆறு டப்பா தூளை 7,200 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். குழாயைக் கையில் பிடித்து இரைப்பையைப் பார்க்க முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது என் தம்பி அதே குழாயை இரண்டு முறை பிடித்தான். முதலில் வயது முப்பது என்றான், அப்புறம் அறுபத்தைந்து என்றான். இரண்டாவது காகிதத்தில் அவனுக்கு மூட்டுத் தேய்மானம் வந்திருந்தது!

இதில் சூட்சுமமான பகுதி அந்தத் தூள்தான். உண்மையாகவே எரிச்சல் கேட்கிறது. ஒரு ஸ்பூன் கலக்கிக் குடித்ததும் பெரிய ஏப்பம், நெஞ்சு லேசாகிவிடும். அப்பா ஊரெல்லாம் சொல்லிப் புகழ்ந்தார். எனக்கு அந்த உப்பும் சோப்புமான ருசியில்தான் சந்தேகம் வந்தது. ஒரு தட்டில் கொஞ்சம் கொட்டி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். உஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. இட்லி மாவில் போடுகிற சோடா உப்பும் இப்படித்தான் பொங்கும். வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும், அதுதான் அந்த ஏப்பம். அமிலம் அந்த நேரத்துக்குத் தணியும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தைப் பின்னால் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். பாண்டோப்ரசோல் போன்ற மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், கொஞ்ச காலத்துக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். முகாம்காரர்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னதால் எரிச்சல் கூடியது. கூடிய எரிச்சலைத் தூள் தணித்தது. தூள்தான் காப்பாற்றுகிறது என்று அப்பா நம்பிவிட்டார்.

பிரஷர்காரர்களுக்கு இதில் ஆபத்து தனி. ஒரு டீஸ்பூன் சோடா உப்பில் ஏறக்குறைய 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா பிரஷர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியிருந்தார். இரண்டு காலும் வீங்கி, பிரஷர் எகிறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

டாக்டர் முதலில் ஈசிஜி எடுத்தார். வயதானவருக்கு நெஞ்சில் எரிச்சல் என்றால் இதயக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வயிற்றுக்குப் போக வேண்டுமாம். அப்புறம் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்ப்பது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தசை தளர்ந்திருந்தது. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தில் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை) உள்ள துளை வழியாகக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. ஹையாட்டஸ் ஹெர்னியா என்று எழுதினார். அமிலம் பட்டுப் பட்டுப் புண்ணாகி, ஆறி, தழும்பாகி, உணவுக்குழாயே சுருங்கியிருந்தது. சோறு நின்றதற்குக் காரணம் அதுதான். புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சதை எடுத்து அனுப்பினார்கள். இல்லை என்று ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பலூன் வைத்துச் சுருக்கத்தை விரித்துவிட்டார்கள்.

இப்போது அதே பழைய வகை மாத்திரைதான், ஆனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். இதை எங்களுக்கு எந்த மெடிக்கலிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னால். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறோம். சில பிரஷர் மாத்திரைகளே அந்தத் தசையைத் தளர்த்தும் என்பதால் டாக்டர் அதையும் மாற்றிக் கொடுத்தார். அதை நாமாக நிறுத்துவதும் மாற்றுவதும் கூடவே கூடாது.

விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ எந்தத் தூளையும் தொடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப்பி வசதி இருக்கிறது.

நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. முறையான சித்த மருந்து டப்பாவில் உரிம எண், பேட்ச் எண், என்னென்ன சரக்கு, தயாரித்த தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். இவர்கள் டப்பாவில் ஒரு மூலிகைப் படமும் செல் நம்பரும் மட்டும்தான். ரசீது கேட்டதற்குக் கொடுத்த வெள்ளைத்தாளில் "நன்கொடை" என்று எழுதியிருக்கிறது. பணம் திரும்பி வரவில்லை. சர்க்கரை, பிரஷர், குடல்புண் எல்லாவற்றையும் குணப்படுத்துவோம் என்று நோட்டீஸ் அடிப்பது 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டப்படியே குற்றம். நோட்டீஸையும் மீதித் தூளையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தோம். உங்கள் வீட்டில் யாராவது இதே மாதிரி வாங்கியிருந்தால் கோபத்தில் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சோதனைக்கு அந்தத் தூள் வேண்டும்.