ஓஎம்ஆர் பக்கம் ஒரு நியூரோ ரீஹாப்: மூன்றரை ஸ்டார்

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட மாமாவை, மூளை பாதிப்புக்குப் பிறகு பயிற்சி கொடுத்துத் தேற்றும் இந்த சென்டரில் சேர்த்திருந்தோம். குறையும் சொல்லப்போவதால் சென்டரின் பெயரைப் போடவில்லை.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஈ4 விடி எம்4' என்று மட்டும் இருந்தது. அடிபட்டவர் எவ்வளவு சுயநினைவோடு இருக்கிறார் என்று மார்க் போடும், 1974-ல் வந்த கிளாஸ்கோ ஸ்கோர் அது: கண்ணுக்கு (ஈ) அதிகபட்சம் 4, பேச்சுக்கு (வி) 5, அசைவுக்கு (எம்) 6. மாமாவுக்கு மூச்சு விடத் தொண்டையில் டிராக்கியோஸ்டமி குழாய் என்பதால் பேச்சுக்கு மார்க்கே கிடையாது, வெறும் 'டி'. விபத்தான அன்றைய அவசரத்துக்கு இது சரி. கண் திறந்தபடி வாரக்கணக்கில் படுத்திருப்பவருக்குச் சுயநினைவு இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

அதைக் கண்டுபிடிக்க இங்கே சிஆர்எஸ்-ஆர் என்று 23 மார்க்குக்கு ஒரு பரிசோதனை செய்கிறார்கள். தெரபிஸ்ட் அம்மா பேனாவை ஆட்டினார், மாமா பார்வை நகரவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார், கண் கூடவே போனது! வேறு எந்தப் பொருளையும்விடத் தன் முகத்தைத்தான் கண் எளிதில் தொடருமாம். அத்தையை விட்டு, "என்னங்க, கையைத் தூக்குங்க" என்று சொல்லச் சொன்னார். நாலு தடவையில் மூன்று தடவையாவது தூக்கினால்தான் மார்க். அத்தையின் விரலை மாமா இறுக்கிப் பிடித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த நிலையில், நினைவே இல்லாவிட்டாலும் உள்ளங்கையில் எதை வைத்தாலும் விரல் தானாக மூடிவிடலாமாம். கறார்தான், ஆனால் அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரே நாளில் முடிவு சொல்லவும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு நினைவு காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். வேளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், 'மிகக் குறைந்த நினைவு நிலை' என்று எழுதினார்கள். 2009-ல் வந்த ஓர் ஆய்வில், டாக்டர்கள் கூடிப் பேசி நினைவில்லை என்று முடிவு செய்திருந்த 44 பேரில் 18 பேருக்கு இதே பரிசோதனையில் நினைவின் அடையாளம் தெரிந்திருக்கிறது.

இனி குறை. அந்த தெரபிஸ்ட் அம்மா லீவு போட்டால் கதையே வேறு. பிசியோ முடிந்து மாமா அசந்து தூங்கும் நேரத்தில் டூட்டி ஆள் வந்து, நகத்தை அழுத்திப் பார்த்து, ஏதோ எழுதிவிட்டுப் போவார். கேட்டால், "டாக்டரைக் கேளுங்க சார்." அட்டெண்டர், டயப்பர், சளி உறிஞ்சும் சக்ஷன் ட்யூப் எல்லாம் தனி பில், சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை. கேன்டீன் சாம்பார் சாதம் மட்டும் பரவாயில்லை.

சேர்ப்பதாக இருந்தால், பரிசோதனையை யார் செய்வார், அவர் வராத நாளில் யார் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.