கல்லூரிச் செலவுக்குக் கல்விக் கடனா, பி.எஃப். முன்பணமா?

மகளின் பொறியியல் படிப்புக்குப் பணம் திரட்டும்போது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: வங்கியில் கல்விக் கடன் வாங்குவது, அல்லது என் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கிலிருந்து முன்பணம் எடுப்பது. நாங்கள் கடனையே தேர்ந்தெடுத்தோம். மாதச் சம்பளத்தில் வாழும் பிற குடும்பங்களுக்கும் பெரும்பாலும் அதுவே பொருந்தும் என்று கருதுகிறேன்.

முன்பணத்தின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. அது சொந்தப் பணம். பிணை தேவையில்லை, தவணையும் இல்லை. நெடுங்காலமாக இருந்துவந்த விதிப்படி, ஏழாண்டுகள் உறுப்பினராக இருந்தவர் தம் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதி வரை பிள்ளைகளின் மேற்படிப்புக்கு எடுக்கலாம். 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இதைத் தளர்த்தி, ஓராண்டுப் பணி போதும் என்றும் கல்விக்காகப் பத்து முறை வரை எடுக்கலாம் என்றும் முடிவெடுத்தது.

வட்டியை மட்டும் பார்த்தால் முன்பணமே மலிவு. பி.எஃப். சேமிப்புக்கு 2024-25இல் 8.25 சதவீத வட்டி கிடைத்தது. கல்விக் கடனுக்கு நாம் கட்டும் வட்டி பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். ஆனால், எடுத்த தொகையைத் தன்விருப்பப் பங்களிப்பாக, அதாவது கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் தாமாகச் செலுத்தும் பணமாக, மாதந்தோறும் திரும்பச் செலுத்துபவருக்கே அந்தக் கணக்கு செல்லும். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க யாரும் இல்லாததால், வீட்டில் அடுத்தடுத்து வரும் செலவுகளுக்கு நடுவே அது பெரும்பாலும் திரும்புவதில்லை. இன்று எடுக்கும் 3 லட்சம் ரூபாய், அதே வட்டியில் பதினைந்து ஆண்டுகள் இருந்திருந்தால் ஏறத்தாழ 9.85 லட்சமாகியிருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஓய்வூதியக் கணக்கு. சம்பளத்தில் நிறுவனம் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது என்றாலும், அது 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு உட்பட்டது. இந்த வரம்புக்கு மேலான சம்பளத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும் உயர் ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுக்காத ஒருவர் முப்பது ஆண்டுகள் உழைத்து, இருபது ஆண்டுப் பணிக்காகக் கூட்டித்தரப்படும் இரண்டாண்டுகளையும் சேர்த்துக்கொண்டாலும், திட்டத்தின் சூத்திரப்படி 15,000ஐ 32ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது மாதம் 6,857 ரூபாய்தான். ஆகவே, முதுமையில் உண்மையாகக் கைகொடுக்கப்போவது பி.எஃப். மொத்தத் தொகையே. கடன்காரர்கள் அதை ஜப்தி செய்ய முடியாதபடி 1952ஆம் ஆண்டுச் சட்டம் தன் 10ஆம் பிரிவில் காப்பு வகுத்ததும் இதனால்தான். அந்தக் காப்பிலிருந்து பணத்தை நாமே வெளியே எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடனோ, சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு மகளும் சேர்ந்து அடைக்கக்கூடியது. 4 லட்சம் வரை பிணையோ, செலவில் நம் பங்காகப் போட வேண்டிய முன்தொகையோ கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் இல்லை. பழைய வரிமுறையில் இருப்பவருக்கு, கட்டும் வட்டி முழுவதற்கும் எட்டாண்டுகள் வரை வருமான வரிக் கழிவு உண்டு. புதிய வரிமுறையில் இது கிடையாது. அவள் இன்னும் படித்துக்கொண்டிருப்பதால் தவணைக் காலத்தின் சுமையை நாங்கள் இன்னும் அனுபவிக்கவில்லை. வேலை கிடைக்கத் தாமதமானால் என் எண்ணம் சற்று மாறலாம். பிணை கொடுக்க வேண்டிய பெரிய கடன்களுக்கும் இந்த வாதத்தை அப்படியே நீட்ட மாட்டேன்.

கடன் எடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவந்தால் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன. அப்படிக் கட்டும்போது வட்டி அசலோடு சேர்ந்து பெருகுவதும் நின்றுவிடுகிறது. நாங்கள் மாதந்தோறும் அதைக் கட்டிவருகிறோம்.